தொரை செத்த சனிக்கிழமை

தானாகச் சாகிற சாவு இல்லை இது, இந்த வீட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று வேதகிரி முடிவு கட்டியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. ஹாலில் டீவிக்குப் பக்கத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் அவர், அவர் மடியில் நேற்றைய பேப்பர் விரித்த எவர்சில்வர் தட்டு, தட்டில் தொரை. ஐந்து வருஷம் அந்தத் தொட்டியை ஒண்டியாக ஆண்ட ஃப்ளவர்ஹார்ன் மீன். ஒரு ஜாண் நீளம், சிவப்பும் கறுப்புமாக உடம்பு, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. கூட இன்னொரு மீனை விட்டால் அரை மணியில் கொன்று போட்டுவிடும். கண்ணாடியில் தன் நிழல் தெரிந்தாலும் முட்டப் போகும். எவர் கையை விட்டாலும் கடிக்கும், அவர் கையைத் தவிர. அவர் விரலைக் கண்டால் மட்டும் ஓடி வந்து கண்ணாடியோடு மூஞ்சியை ஒட்டிக்கொண்டு நிற்கும். நேற்று சாயங்காலம் ஏழு உருண்டைத் தீனி போட்டார், ஏழையும் தின்றது, தின்றுவிட்டு இன்னும் போடேன் என்று பார்த்தது. அப்படிப் பார்த்த மீன் காலை ஆறரைக்கு வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்குமா, எந்த முட்டாள் நம்புவான். பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம், அதில் பதினெட்டு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட் எடுக்காதவனை ஆபீஸ் நேரக் கூட்டத்திலும் மோப்பம் பிடித்து இறக்கினவர். என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் ஒருத்தர் ஏறி இறங்கிவிட முடியுமா, பார்த்துவிடலாம் என்று தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண் இரண்டும் வெளுத்துக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை இதே கண் என்னை எப்படிப் பார்த்தது என்று ஒரு நினைப்பு எழுந்தது. செவ்வாய்க்கிழமையை விடு, இப்போது அதுவா முக்கியம் என்று அதை அதட்டி உட்கார வைத்தார்.

பத்து மணி வரைக்கும்தான் நேரம். பத்துக்குப் பிள்ளை தயாளனும் அவன் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார்கள், பதினோரு மணிக்கு ரிசல்ட். மூன்று வாரத்துக்கு முன்னால் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த பிள்ளை, அப்பா இங்க தொட்டுப் பாருங்க என்று கழுத்தை நீட்டினான். இடது பக்கம், தாடைக்குக் கீழே, சுண்டைக்காய் மாதிரி உருண்டது. விரலில் பட்ட அந்த உருண்டை இன்னும் விரலிலேயே இருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகவில்லை. திங்கட்கிழமை ஊசி போட்டு உள்ளேயிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சனிக்கிழமை வாங்க என்று டாக்டர் சொன்னாராம், ஏதோ தைத்த சட்டையை வாங்க வரச் சொல்கிற மாதிரி. முப்பத்தாறு வயசுப் பிள்ளை. பாழாய்ப்போன மீனுக்கு நெற்றியில் கட்டி வளர்ந்தால் அதிர்ஷ்டமாம், புடைப்பு பெரிசாகப் பெரிசாக வீட்டுக்கு நல்லதாம், போகிறவன் வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்து, அடடா சார், செம ஹெட்டு என்று சொல்லிவிட்டுப் போனான். என் பிள்ளைக்குக் கழுத்தில் வளர்ந்தது மட்டும் என்ன பாவம் பண்ணிற்று. இந்த நினைப்பு வந்தாலே தட்டில் கிடப்பதன் மேலும் ஆத்திரம் வந்தது, செத்ததன் மேல் என்ன ஆத்திரம் என்று அடக்கிக்கொண்டார். இதற்குள் கீழ் வீட்டுக் கனகவல்லி அம்மாவுக்கு மூக்கில் வேர்த்து, ஏழேகாலுக்கெல்லாம் படியேறி வந்துவிட்டாள். தட்டைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: உங்க வீட்டுக்கு வர இருந்ததை இது வாங்கிக்கிச்சு சார், இனிமே தம்பிக்கு ஒண்ணுமில்ல, நீங்க வேணா பாருங்க. சொன்னவள் அதோடு போயிருக்கலாம். செத்த வாஸ்து மீனுக்கு அழக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது, மரத்தடியில் புதைத்துவிட்டு சாயங்காலத்துக்குள் வேறொன்று வாங்கி விடணும் என்று சட்டம் வேறு படித்தாள். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போம்மா என்று விரட்டத்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் அறைக்கதவில் சாய்ந்து நின்ற தயாளனின் மூஞ்சியைப் பார்த்தார்.

அந்த மூஞ்சியைத்தான் இப்போது தாங்க முடியவில்லை. மூன்று வாரமாக அரை இட்லியைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்து போனவன். கனகவல்லி இறங்கிப் போனதும் சமையற்கட்டில் போய் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டான். சட்னி இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டான். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது பேரை வைத்து மேய்க்கிறவன், இந்தப் பேச்சையெல்லாம் ஒரு காலத்தில் சிரித்துத் தள்ளினவன், ஒரு செத்த மீனுக்காக இரண்டாம் தரம் சட்னி கேட்கிறான். வேதகிரிக்கு அது காதில் விழுந்தது. யாரோ கொன்ற மீன் எதையும் வாங்கிக்கொண்டு போகாது. தானாகப் போனால்தான் கணக்கு, விஷம் வைத்தோ சூடு வைத்தோ போனால் அது வெறும் செத்த மீன், வந்தது வந்த இடத்திலேயேதான் இருக்கும். பிள்ளை கழுத்திலேயேதான் இருக்கும். அப்படியானால் நான் எதற்குத் துப்புத் துலக்குகிறேன், பேசாமல் எழுந்து புதைத்துவிட்டு வரலாமே. முடியாது. பொய்யான டிக்கெட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவனை விட்டுவிட்டுப் போகிற ஜாதி இல்லை இவர். சொந்தத் தம்பியையே ஒரு தரம் தாம்பரம் வண்டியில் பிடித்து இறக்கிவிட்டவர். அந்தத் தம்பி செத்துப் போகிற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், சட்டம் சட்டம்தானே என்று அப்போதும் நினைத்தார், இப்போதும் அப்படித்தான் நினைக்க முயற்சி பண்ணினார்.

முதல் சந்தேகம் கொசு மருந்து. தொட்டிக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டார் சுவரில் சொருகியிருக்கிறது, அதே பலகையில் பக்கத்து ஓட்டையில் கொசு மருந்து மெஷின். அந்தப் புகையை மோட்டார் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதினால் மீன் காலி, இதை எத்தனை தரம் சொல்லியிருப்பார், சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். தயாளன்தான் சொருகியிருப்பான், மூன்று வாரமாகத் தூக்கம் வராமல் ஹாலில் வந்து உட்காருகிறானே, அவன்தான். பெற்ற பிள்ளையே குற்றவாளி என்றால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே எழுந்து போய் மெஷினைப் பிடுங்கிப் பார்த்தார். குப்பி காலி, திரி உலர்ந்து போய்ச் சுருங்கியிருந்தது, ஒரு வாரமாவது ஆகியிருக்கும். பிள்ளை தப்பித்தான். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, அப்படியானால் வேறு எவர் என்று அடுத்த ஆத்திரம் வந்துவிட்டது. வேலைக்காரி முனியம்மா தரை துடைக்கிற லோஷனைக் கொட்டித் தொலைத்திருப்பாளோ. அவள் புதன்கிழமையிலிருந்து வரவில்லை, நாத்தனார் வீட்டுச் சீமந்தம். அவளும் தப்பித்தாள். தண்ணீரைப் பார்த்தார். சுத்தமாக, அடியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் எண்ணுகிற மாதிரி, என்றைக்கும் இல்லாத தெளிவு. மோட்டார் தன்பாட்டுக்கு முட்டை முட்டையாக ஊதிக்கொண்டிருந்தது, உள்ளே யாரும் இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

சுகிர்தா காபி கொண்டுவந்து நீட்டியது இந்த நேரத்தில்தான். மருமகள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர், வீட்டிலும் டீச்சர். இவர் காது நன்றாகக் கேட்கிற மனுஷன் என்று எத்தனை சொன்னாலும் கடைசி பெஞ்சுக்குப் பாடம் நடத்துகிற மாதிரிதான் பேசுவாள். தயாளனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தது, வந்த முதல் மாதமே அவருடைய காக்கி யூனிஃபார்மைப் பழைய துணி என்று எடுத்துப் போட்டது. தொரையைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்ன சொன்னாள், இப்படி ஒரு மீன் ஆத்துலயும் கிடையாது கடல்லயும் கிடையாது மாமா, ஆளுங்க ரெண்டு மூணு ஜாதியக் கலந்து உண்டாக்கினது, இதுக்குப் போய் வாஸ்து எப்படித் தெரியும். அதிலிருந்து அவளை அவருக்கு ஆகாது. அவளுக்கும் அவரை ஆகாது, மரியாதைக் குறைவு இல்லாமல் ஆகாது, அதுதான் இன்னும் எரிச்சல். டம்ளரை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனபோது ஒரு நெடி அடித்தது. கேன் தண்ணீர் இருக்க, சோம்பேறித்தனப்பட்டு மருந்தடித்த குழாய்த் தண்ணீரில் காபி போட்டிருக்கிறாள் என்று உள்ளுக்குள் வைதுகொண்டே ஒரு வாய் குடித்தார். குடித்தால் நெடி இல்லை. காபி நன்றாகவே இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை. அவள் தட்டைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. புதைச்சிடலாமா மாமா, தோட்டத்துல, என்று மட்டும் கேட்டாள், டீச்சர் குரல் இல்லாமல். இப்ப இல்ல, யாரு கொன்னாங்கன்னு தெரிஞ்சாகணும் என்றார் வேதகிரி. அவள் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாமி படத்துக்கு முன்னால் இரண்டு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் அவர் மனைவி லோகநாயகி போன பிறகு ஊதுபத்தி ஏற்றினவர் யாரும் இல்லை. பரவாயில்லை, புருஷனுக்கு ஒன்றென்றால் டீச்சருக்கும் சாமி வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம்.

லோகநாயகி போனாள், அதற்கு அடுத்த வருஷம்தான் தொரை வந்தது. ஒரு காய்ச்சல், நாலு நாள், முடிந்தது. வீட்டில் வாய் பேசாத ஒரு ஜீவன் இருந்திருந்தால் அது வாங்கிக்கொண்டிருக்கும் என்று காரியத்துக்கு வந்தவர்களில் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அந்த ஆளை அடிக்கப் போனார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகக் கால் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைத் தெருவுக்குப் போயிற்று. சும்மா, பொழுது போக, என்று எல்லாரிடமும் சொன்னார். இப்போதும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்வார். ஆனால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை கழுத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தபோது அவர் தொட்டியைத்தான் பார்த்தார். அது அங்கே கொழுகொழுவென்று நீந்திக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை பகலில் வீட்டில் யாரும் இல்லை. விடு, செவ்வாய்க்கிழமையை விடு என்றேனே. செல்லை எடுத்துக் கொளத்தூர்க் கடைக்காரருக்குப் போட்டார், எடுத்த எடுப்பிலேயே நீ வித்த மீன் செத்துப்போச்சுய்யா என்று சண்டைக்குப் போனார். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. தினம் பத்து சாவு கேட்கிற ஆள். செவுளைத் தூக்கிப் பாருங்க சார், ரத்தச் சிவப்பா இருக்கா, வெளுத்திருக்கா என்று கேட்டார். வேதகிரி கட்டைவிரல் நகத்தால் செவுள் மூடியை நெம்பித் தூக்கினார். ஓரமெல்லாம் வெந்த மாதிரி வெளுத்து, வழவழவென்று சளி. சொன்னார். கடைக்காரருக்கு அது போதும். நோயெல்லாம் இல்ல சார், உங்க தண்ணியில குளோரின் ஏறியிருக்கு, தண்ணி டெஸ்ட் பண்ற சொட்டு மருந்து இருக்குல்ல, போட்டுப் பாருங்க, மஞ்சளாச்சுன்னா அதான் என்று சொல்லிவிட்டு, நம்ம கடைக்குப் புதுசா ஒரு குட்டி வந்திருக்கு, பார்க்க வர்றீங்களா என்றும் கேட்டார். வேதகிரி போனை வைத்துவிட்டார்.

சொட்டு மருந்து டீவி அலமாரி டிராயரில் இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஐந்து சொட்டு விட்டார். பஸ்ஸை நிறுத்தி ஏறுகிறபோது உடம்புக்குள் வரும் ஒரு குளிர்ச்சி, அதுதான் வந்தது. தண்ணீர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மஞ்சள், அப்புறம் மஞ்சளும் இல்லை, தூக்கலாக ஆரஞ்சு. ஐந்து வருஷத்தில் இந்த நிறத்தை அவர் பார்த்ததில்லை. குழாய்த் தண்ணீரை அவர் தொட்டிக்கு நேராக விட்டதே கிடையாது, இரண்டு நாள் பக்கெட்டில் பிடித்து வைத்துத்தான் விடுவார். சரி, கவர்மெண்ட்டுத் தண்ணீரிலேயே இவ்வளவு வருகிறதா என்று சமையற்கட்டுக் குழாயில் பிடித்துப் போட்டார். வெறும் எலுமிச்சைச் சாற்று நிறம், அதுவும் உற்றுப் பார்த்தால்தான். ஆக, குளோரின் குழாயில் வரவில்லை, ஆள் கையில் வந்திருக்கிறது. வீட்டில் குளோரின் என்று பார்த்தால் ஒன்றுதான் உண்டு, பாத்ரூம் தரை தேய்க்க முனியம்மா வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடர் டின். புதன்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. எழுந்து பாத்ரூமுக்கு நடந்தார், நடையில் கொஞ்சம் வேகம்கூட இருந்தது. இத்தனை வயசிலும் ஆள் அகப்படப் போகிறது என்றால் அந்தக் கேடுகெட்ட சந்தோஷம் வந்துவிடுகிறது.

டின் மூடி ஒழுங்காக அழுத்தி மூடியிருந்தது. அதுதான் முதல் தப்பு. முனியம்மா ஜென்மத்தில் எதையும் அழுத்தி மூடினவள் இல்லை. சிவப்பு மக், எப்போதும் பக்கெட்டில் மிதந்துகொண்டிருப்பது, கழுவித் துடைத்து ஜன்னல் மேட்டில் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தார். அடியில், கைப்பிடி ஒட்டுகிற இடத்தில், சுண்ணாம்பாக ஒரு வெள்ளை வளையம். பவுடரை அப்படியே கொட்டவில்லை, மக்கில் கரைத்து, மண்டியைத் தங்கவிட்டு, மேல் தெளிவை மட்டும் இறுத்து ஊற்றியிருக்கிறது. அதனால்தான் தொட்டியில் ஒரு துளி வெள்ளை இல்லை. அப்படிக் கரைக்கத் தெரிந்த கை இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். செக்கிங்கில் புதுசாக வருகிற பையன்களுக்கு அவர் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்: மூஞ்சியைப் பார்க்காதே, எல்லா மூஞ்சியும் யோக்கியம்தான், கையைப் பார், டிக்கெட் இல்லாதவன் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டான். கை. காபி கொண்டுவந்து நீட்டினாளே, அந்தக் கை. நெடி காபியில் இல்லை. நெடி டம்ளரைப் பிடித்திருந்த விரலில். ஊதுபத்தியும் சாமிக்கு இல்லை, அவர் மூக்குக்கு. அவர் அறைக்கதவு மூடியிருக்கிற நேரம், அஞ்சு மணிக்கு இட்லிக்கு அடுப்புப் பற்ற வைக்க எழுந்தவள் முதலில் இந்தக் காரியத்தை முடித்திருக்கிறாள். ராட்சசி. வாயில்லாத ஜீவன். என் தொரை. பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரு, உன் புருஷனைக் கூப்பிட்டு, நடு ஹாலில் நிறுத்தி, இந்த மக்கையும் அந்தக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிறேன், டீச்சரம்மா, இதற்கு விளக்கம் சொல் என்று கேட்கிறேன். எத்தனை வருஷத்துப் பேச்சு, எத்தனை வருஷத்துச் சிரிப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

கேட்கலாம். ஏன் செய்தாய் என்று கேட்கணும். அங்கேதான் தடுக்கிற்று. என்மேல் இருக்கிற கோபத்தில் என்றால் எப்போதோ செய்திருப்பாள், ஐந்து வருஷம் இருந்தது. இன்றைக்கு ஏன். ரிசல்ட் வருகிற இன்றைக்கு, வாஸ்துவாவது மண்ணாவது என்று சொன்ன அவளே, ஏன். வேதகிரி மக்கைக் கையில் வைத்துக்கொண்டே கமோடு மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் செவ்வாய்க்கிழமையை அதட்டி உட்கார வைக்க முடியாது, அது எழுந்து வந்து எதிரே நின்றது. செவ்வாய்க்கிழமை பகல், தயாளன் ஆபீஸ், சுகிர்தா பள்ளிக்கூடம். அவர் துண்டை நனைத்து, இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டார். வேறு கையாக இருந்தால் கடித்திருக்கும். அவர் கைக்கு அது தானாக வந்தது, வந்து உள்ளங்கையில் படுத்தது. தூக்கி வெளியே எடுத்தார். துண்டுக்குள் அது துள்ளிற்று, பின்பு துள்ளவில்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டு அவரையே பார்த்தது. நீ போ, அவன் இருக்கட்டும், நீ போடா ராஜா என்று வாய்விட்டுச் சொன்னார். பிள்ளையின் கழுத்தை நினைத்துக்கொண்டார், விரலில் உருண்டதை நினைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு நிமிஷம் அப்படியே நின்றிருந்தால் போதும். நிற்கவில்லை. முடியவில்லை. தொட்டிக்குள் போட்டுவிட்டார். அது ஒரு மூலையில் போய் மூச்சு வாங்கியது, அவரும் மூச்சு வாங்கினார். பெற்ற பிள்ளைக்கும் ஒரு மீனுக்கும் நடுவில் அவர் மீனை வைத்துக்கொண்டார். அப்படித்தான் அது, வேறு எப்படிச் சொன்னாலும் அப்படித்தான். திரும்பியபோது வாசற்படியில் சுகிர்தா நின்றுகொண்டிருந்தாள், தோளில் பை, அன்றைக்கு அரை நாளாம். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று அவர் கேட்கவில்லை. தரையெல்லாம் ஏன் மாமா ஈரம் என்று அவள் கேட்டாள், தண்ணி மாத்தினேன் என்று அவர் சொன்னார். அவள் மாப்பை எடுத்து வந்து துடைத்தாள்.

பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். மாமாவால் முடியவில்லை என்று தெரிந்துகொண்டு நாலு நாள் காத்திருந்து பார்த்தாள், மாமா மறுபடி கை வைக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் தானே வைத்தாள். நம்பிக்கை இருக்கிறவன் பின்வாங்கினான், துளி நம்பிக்கை இல்லாதவள் செய்துவிட்டாள். தயாளன் நம்புவான் என்று செய்தாளா, தனக்கே அந்த நேரத்தில் நம்பிக்கை வந்துவிட்டதா, அதெல்லாம் அவளுக்கே தெரியுமோ என்னவோ. வேதகிரிக்கு இப்போது அவள்மேல் இருந்த கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை, ஏறிற்று. மீனைக் கொன்றதற்காக இல்லை. என் பிள்ளைக்கு நான் செய்திருக்க வேண்டியதை நேற்று வந்தவள் செய்துவிட்டாளே, அதற்காக. இந்த வீட்டில் அவன்மேல் யார் அதிகமாக உயிரை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வரிசை போட்டால் முதல் ஆள் நான் என்று முப்பத்தாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தானே ஒரு கிழவன், அவன் வாயில் இந்த மக்கைக் கவிழ்க்க வேண்டும். ரிசல்ட் நல்லபடியாக வரணும். வரவில்லை என்றால் என் தொரையை வீணாகக் கொன்றதற்கு இவளை நான் என்று ஆரம்பித்தார், ஆரம்பித்த இடத்திலேயே நினைப்பு மாட்டிக்கொண்டது. வரவில்லை என்றால் இவளை என்ன செய்வேன், செவ்வாய்க்கிழமையே முடித்திருந்தால் நேரத்தோடு பலித்திருக்குமோ என்று என்னையே அல்லவா ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்தார். மக்கின் அடியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார், வெள்ளை வளையம் போகிற வரைக்கும் தேய்த்தார், பக்கெட்டில் மிதக்க விட்டார். டின் மூடியை லேசாகத் திறந்து கோணலாக வைத்தார், முனியம்மா வைக்கிற மாதிரி. ஹாலுக்கு வந்து ஆரஞ்சுத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டினார்.

பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தயாளன் வெளியே வந்தான். நீல நிறத்தில் காலர் உயர்ந்த சட்டை, கழுத்து தெரியாத சட்டை. தலை வாரியிருந்தான். நாலு இட்லி சாப்பிட்ட முகம், ஆனால் அதற்குக் கீழே இன்னொரு முகம், அஞ்சாவது படிக்கும்போது மார்க் ஷீட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து நின்ற அதே முகம். அவனுக்குப் பின்னால் சுகிர்தா, மார்போடு அணைத்துப் பிடித்த ஆஸ்பத்திரி ஃபைல். கையைப் பார்த்தார். பத்து விரலும் ஃபைலுக்கு அடியில் மடங்கியிருந்தது. மூஞ்சி யோக்கியமாகத்தான் இருந்தது.

"என்னப்பா, காலையிலேர்ந்து விசாரணை நடக்குது. யாரு பண்ணதுன்னு கண்டுபுடிச்சீங்களா?" தயாளன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கேட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தான்.

பதினெட்டு வருஷத்தில் டிக்கெட் இல்லாமல் ஒருத்தரை அவர் இறங்க விட்டதில்லை. சொந்தத் தம்பியை விட்டதில்லை. தட்டில் தொரை பேப்பருக்குள் மூடிக் கிடந்தது, நெற்றிப் புடைப்பு மட்டும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். சுகிர்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணலடா. தண்ணியெல்லாம் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. கடைக்காரரையும் கேட்டேன். தானாத்தான் போயிருக்கு. உனக்கு வந்ததை வாங்கிக்கிட்டுப் போயிருக்கு, தைரியமா போயிட்டு வா."

வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை அவர் சொன்னதில்லை. தயாளன் தலையாட்டினான், இரண்டு தரம் ஆட்டினான், காலரைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். வர்றேம்ப்பா என்று செருப்பைப் போட்டுக்கொண்டு லிஃப்ட்டுக்குப் பட்டனை அழுத்தப் போனான். சுகிர்தா நகரவில்லை. நன்றி என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிடப் போகிறாளோ என்று வேதகிரிக்குப் பயமாக இருந்தது, சொன்னால் அறைந்தாலும் அறைந்துவிடுவார். அவள் கண்ணை மட்டும் நிமிர்த்தினாள். மன்னிப்பெல்லாம் கிடையாது, உனக்கும் கிடையாது எனக்கும் கிடையாது, என்று அவர் நினைத்தார். கையை நீட்டி அவள் மார்பிலிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"கையைக் கழுவிட்டுப் போம்மா. இன்னும் வாசனை அடிக்குது."

எந்த வாசனை என்று அவள் கேட்கவில்லை. வாஷ்பேசினுக்குப் போனாள். சோப்பு எடுத்தாள், இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் நுரைத்துத் தேய்த்தாள், கழுவினாள், மோந்து பார்த்தாள், மறுபடி சோப்பு எடுத்தாள். தோள் இரண்டும் குலுங்கியது, குழாயை அவள் இன்னும் கொஞ்சம் பெரிசாகத் திறந்துவிட்டாள். வெளியே லிஃப்ட் வந்து நின்றது. உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும், நேரமாகுது, என்று தயாளன் கூப்பிட்டான். இதோ வந்துட்டாடா, நீ கதவைப் பிடிச்சுக்கிட்டு நில்லு என்றார் வேதகிரி, ஃபைலைத் தன் மார்போடு பிடித்துக்கொண்டு.